நாரை நின்ன ஆழம்

மேற்கு மலைக்குப் பின்னால சூரியன் குங்குமச் சிமிழைக் கவுத்துப் போட்டுட்டுப் போன நேரம். கிழக்க பௌர்ணமி நிலவு வெள்ளித் தாம்பாளம் மாதிரி மேல வந்துக்கிட்டிருக்க, ரெண்டு வெளிச்சத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட கருவையாறு பாதி செம்பும் பாதி வெள்ளியுமா உருகி ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த ஆத்துக்கு நடுவுல, தண்ணியையே அகழியா இடுப்புல சுத்திக்கிட்டு நின்னுச்சு நீராழிக்கோட்டை. கெழக்கு மதில் மேல ஏழு பீரங்கி, எதிர்க்கரையில கூடாரம் போட்டிருந்த சீமைப் பட்டாளத்தை மொறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. மேற்குப் பக்கம் ஒரு பீரங்கிகூடக் கெடையாது. அந்தப் பக்கம் மூணு ஆள் ஆழம், சுழல் வேற. அதுவும் பத்தாதுன்னு, அங்க முதலை மடு இருக்குன்னு மூணு தலைமுறையா ஒரு கதையைக் கட்டிக் காப்பாத்திக்கிட்டு வந்தாங்க கோட்டைக்காரங்க.

அன்பான வாசகர்களே, சத்தம் போடாம அந்த மேற்குக் கரை நாணலுக்குள்ள எட்டிப் பாருங்க. மூச்சைக்கூட அடக்கிக்கிட்டு ரெண்டு பேரு ஒக்காந்திருக்காங்க. இடுப்புல கோட்டைச் சாவிக்கொத்தும் கையில சின்ன வேலும் வச்சிருக்கிற அந்தப் பொண்ணு, பாளையக்காரரோட தங்கச்சி வடிவுடை நாச்சியார். மலைநாட்டுல படை தெரட்டப் போன அண்ணன் வர்ற வரைக்கும் கோட்டை அவங்க பொறுப்பு. கோட்டையை ஒப்படைக்கச் சொல்லி சீமைப் பட்டாளம் குடுத்த ஒரு மாசத் தவணையில இருபது நாள் கழிஞ்சு போச்சு. பக்கத்துல தொடை மேல பலகையும் காதுல அணில்மயிர்த் தூரிகையுமா இருக்கிறவன் அழகிரி. கோட்டைக்குள்ள சித்திரக்காரத் தெருன்னு முப்பது வீடு உண்டு, அதுல கடைசி வீடு அவனோடது. அரண்மனைச் சுவத்துக்கு நாலு தலைமுறையா வண்ணம் தீட்டுற வம்சம்.

ஆனா இந்த ஒரு வருசமா அழகிரி தீட்டுனது சுவத்துல இல்ல, தாள்ல. கெழக்குக் கரை மாந்தோப்புல ஹோல்ஸ்ட்னு ஒரு டென்மார்க் தேசத்து வைத்தியர் தங்கியிருந்தாரு. வைத்தியம் பாத்தது கம்மி. தும்பி, தவளை, பாம்பு, பறவைன்னு இந்த நாட்டுல இருக்கிற சீவராசி அத்தனையையும் படமா எழுதி ஒரு பெரிய புஸ்தகம் போடணும்னு ராவும் பகலும் அதே நெனப்பு. சனங்க அவருக்கு வச்ச பேரு பூச்சித்தொரை. எந்தச் சண்டையிலயும் சேராதவருன்னு கோட்டையும் பட்டாளமும் அவருக்கும் அவரு ஆளுக்கும் போக வர சீட்டு குடுத்திருந்துச்சு. அந்த ஆளுதான் அழகிரி.

தொரைக்குப் போற ஒவ்வொரு படமும் மொதல்ல நாச்சியாரு கண்ணுக்கு வந்துட்டுத்தான் போகும். பறவைன்னா அவங்களுக்கு உசிரு. படத்தைப் பாக்குற சாக்குல அவனும், படம் கேக்குற சாக்குல அவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கன்னு நான் சொன்னா நீங்க ஒண்ணும் ஆச்சரியப்படப் போறதில்ல. ஆனா பாளையக்காரர் வீட்டுப் பொண்ணும் சித்திரக்காரனும் பேசிக்க வேற பேச்சு ஏது? எறகையும் அலகையும் பத்தித்தான் பேசுனாங்க.

அன்னைக்கு நாச்சியார்தான் ஆரம்பிச்சாங்க. "தொரைக்கு நீர் எழுதிய சங்குவளை நாரையைப் பார்த்தேன், சித்திரக்காரரே. ஓர் இறகு குறையவில்லை. ஆனால் அது செத்து இரண்டு நாள் ஆன நாரை."

"மூணு நாள், நாச்சியாரே. தொரை சுட்டது சனிக்கிழமை."

அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டாங்க. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் உண்மையைச் சொன்னான். அந்தச் சிரிப்பாலதான் அவங்களும் செய்யக் கூடாத ஒண்ணைச் செஞ்சிருந்தாங்க: உசிரோட நாரை வந்து எறங்குற இந்த இடத்துக்கே அவனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க.

வானத்துல இருந்து ஒவ்வொண்ணா எறங்குச்சுங்க நாரைங்க. மஞ்ச அலகு, ரோசாப்பூத் தடவுன வாலு, செவந்த நெடுங்காலு. மூணு ஆள் ஆழம்னு ஊரே நம்புற தண்ணிக்கு நடுவுல, முழங்கால் நனைய, இந்தக் கரையில இருந்து கோட்டையோட பின்வாசல் வரைக்கும் வரிசையா நின்னுச்சுங்க. தண்ணிக்கு அடியில ஒரு கல்வரப்பு ஓடுது, வாசகர்களே. கலங்கின தண்ணி அதை மூடி மறைச்சு வச்சிருந்துச்சு. சாயங்காலம் அரை நாழிகை நாரைங்க மட்டும் அது மேல நின்னு மீன் துழாவும். பாளையக்காரர் குடும்பத்துலயும் காவல்லயுமாச் சேத்து அஞ்சு பேருக்குத்தான் அந்த வழி தெரியும்.

"ஆறாவது ஆள் நீர். யாரிடமும் சொல்வதில்லை என்று சொல்லும்."

சொன்னான். மனசாரத்தான் சொன்னான். அதுல ஒரு துளி பொய் கெடையாது.

அப்புறம் எப்படிக் கெட்டுச்சுன்னு கேக்குறீங்களா? அதைச் சொல்லுறதுக்குள்ள எனக்கே நெஞ்சு கனத்துப் போகுது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். பூச்சித்தொரைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: உள்ளது உள்ளபடி. அலகைக் கவராயம் வச்சு அளப்பாரு, காலை அளப்பாரு, பறவை என்ன ஒசரமோ அதே ஒசரத்துக்குப் பெரிய தாள்ல படம் வரணும். ராசா பெருசா, ஆனை சிறுசா எழுதிப் பழகுன வம்சத்துக்கு இது வேப்பங்காயா கசந்துச்சு. ஆனா அழகிரி கத்துக்கிட்டான். அவன் வம்சத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. சுத்தி ஒண்ணுமில்லாம வெறும் தாள்ல நிக்க வச்சு எழுதுறது பொணத்தைத்தான். உசிருள்ளதுன்னா அதுக்கு மண்ணு வேணும், மரம் வேணும், கூட நாலு உசிரு வேணும். தொரைக்கு வெள்ளைத் தாளு நடுவுல ஒத்தைப் பறவைதான் பிடிக்கும். ஆறு மாசம் சண்டை போட்டுப் பாத்துட்டு, பறவை மட்டும் அளவு தப்பாம இருந்தாச் சரின்னு அவரும் விட்டுட்டாரு.

தொரை முறையில மட்டும் எழுதியிருந்தா அது எங்கேயோ நின்ன ஒரு நாரை. வம்ச முறையில மட்டும் எழுதியிருந்தா அளவு சொல்லாத ஒரு அழகு. அழகிரி ரெண்டையும் ஒண்ணாக் கலந்தான். முன்னால ஒரு நாரை, உள்ள ஒசரத்துக்கே, ஈரம் ஏறுன இடம் காலுல எந்தக் கணுவோ அந்தக் கணு வரைக்கும் துல்லியமா. அதுக்குப் பின்னால தூரம் போகப் போகச் சிறுத்துக்கிட்டே வரிசையாப் பதினேழு நாரை. வரிசை முடியுற இடத்துல நெட்டை மருதமரம், கோட்டைப் பின்வாசல். ஏழு சாயங்காலம் அந்த நாணல்ல ஒக்காந்து எழுதுனான். யாருக்கும் எதையும் சொல்லுறோம்னு அவனுக்குத் தோணவே இல்ல. அவங்க காட்டுன அந்தச் சாயங்காலத்தை அப்படியே அவங்க கையில திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான் ஆசை. வண்ணம் காயட்டும்னு பெரிய பலகை இருக்கிற தொரையோட கூடாரத்துல வச்சுட்டு வந்தான்.

தவணை முடியுறதுக்கு மொத நாள், வியாழக்கிழமை காலையில போய்ப் பாத்தா பலகை காலி.

தொரைக்கு மூஞ்சியெல்லாம் பூரிப்பு. புஸ்தகத்துல படிச்ச தமிழ்ல அவரு சொன்னது இது: "நேற்று சீமைப் பட்டாளத்துக் கப்பித்தான் என்னுடன் போசனம் செய்தார். உன் நாரையைக் கண்டு மெய்ம்மறந்தார். இதுவரை ஒருவரும் கேளாத இரண்டு கேள்விகள் கேட்டார். இந்தப் பறவையின் கால் எவ்வளவு நீளம்? அதில் நீருக்குள் இருப்பது எவ்வளவு? நான் கவராயம் வைத்து அளந்து சொன்னேன். ஒரு சாணும் மூன்று விரற்கடையும். எவ்வளவு நுட்பமான மனிதர் பார். ஒரு நாள் இரவலாகக் கேட்டார், கொடுத்தேன்."

ஒரு சாண் ஆழம்னா ஆத்துல நடந்தே கோட்டைக்குப் போயிடலாம், கப்பித்தான் கேட்டது அதைத்தான்னு அழகிரிக்குப் புரிஞ்சு போச்சு.

ஆத்தோரம் அவன் பரிசல் கெடக்குது. இந்தப் பக்கம் துடுப்புப் போட்டா அரை நாழிகையில கோட்டை. நாச்சியார் காலுல விழுந்து நடந்ததைச் சொல்லிட்டா, பொழுது சாயுறதுக்குள்ள ரெண்டு பீரங்கியை மேற்கு மதிலுக்கு மாத்தியிருக்கலாம், வெடிமருந்து வச்சு கல்வரப்பை உடைச்சிருக்கலாம். ஒரு முழுப் பகலு கையில இருந்துச்சு. ஆனா அவங்க முகத்தை எப்படிப் பாக்குறதுன்னு நெனச்சான். அவங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி நானே சரி பண்ணிடுறேன்னு நெனச்சான். பயந்தவன் எல்லாரும் நெனைக்கிறதுதான். நாமளும் எத்தனை தடவை இப்படி நெனச்சிருப்போம், சொல்லுங்க. பரிசலை அந்தப் பக்கம் தள்ளாம, கூடாரத்துக்குள்ள திரும்பிப் போய்ப் புதுத் தாளு ஒண்ணு எடுத்தான்.

ரெண்டு முகூர்த்த நேரத்துல இன்னொரு நாரை எழுதுனான். அதே அலகு, அதே எறகு. தண்ணி மட்டும் வயித்தைத் தொட்டுச்சு. பின்னால இருந்த நாரைங்க வரிசை இல்லாம அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் செதறிக் கெடந்துச்சு. ஈரம் காயுறதுக்குள்ள சுருட்டிக்கிட்டுப் பட்டாளத்துக் கூடாரத்துக்குப் போனான். நேத்து வந்தது வழக்கப்படி அழகுக்காக எழுதுனது, அதுல தண்ணி அளவு தப்பு, இதுதான் நெசம்னு கப்பித்தான்கிட்ட பணிவா விண்ணப்பம் பண்ணான்.

கப்பித்தான் நல்ல சிரிச்ச முகம். ஒக்காரச் சொல்லி மோர் குடுக்கச் சொன்னாரு. ரெண்டு படத்தையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல விரிச்சாரு. அப்புறம் ஆளனுப்பி, சீவராசி சாத்திரம் தெரிஞ்ச தொரையையே கூப்புட்டாரு.

பூச்சித்தொரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அழகிரி அவரு முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான். கண்ணாலேயே கெஞ்சுனான். தொரை கண்ணு தாளை விட்டு நிமிரல.

"இரண்டாவது பொய்," அப்படின்னாரு. "நாரை இந்த ஆழத்தில் நின்றிருந்தால் வயிற்று இறகு நனைந்து ஒட்டியிருக்கும். இங்கே உலர்ந்து பறக்கிறது. இந்தக் கை உயிரைப் பார்த்து எழுதவில்லை. எதற்கோ அஞ்சி எழுதியிருக்கிறது. முதலாவது படத்துக்கு என் பெயரை வைத்துச் சத்தியம் செய்வேன்."

கப்பித்தான் கோட்டைப் பின்வாசல் மேல விரலை வச்சு, நன்றின்னாரு. ரெண்டு சிப்பாய்ங்க அழகிரியோட கையைப் பின்னால கட்டுனாங்க. உளவாளி, நாளைக்குக் கோட்டை விழுந்ததும் தூக்கு. அப்பத்தான் தொரை நிமிர்ந்தாரு. படத்தைப் பாத்தாரு, விரலைப் பாத்தாரு, அழகிரியைப் பாத்தாரு. நாப்பது வருசமா பொய் சொல்லாத மனுசனுக்கு, உண்மையை யாருகிட்ட சொல்லுறோம்னு பாக்கணும்கிறது அந்த நிமிசம்தான் புரிஞ்சுச்சு.

அழகிரியை அடைச்சது சாமான் கூடாரம். கப்பல்ல ஏத்துறதுக்காகத் தொரை குடுத்து வச்சிருந்த பெட்டிங்களும் அங்கதான் அடுக்கியிருந்துச்சு. வெயில் சாயுற நேரத்துல தொரை வந்தாரு. பெட்டிக்குள்ள இருக்கிற பறவைத் தோலெல்லாம் பூஞ்சை பிடிக்குது, தோப்புக்குக் கொண்டு போய்க் காய வைக்கணும்னு காவலாளுங்ககிட்ட ஒரே புலம்பல். அவங்களுக்கும் அந்த நாத்தம் ஒழிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. உள்ள வந்ததும் அழகிரியோட கைக்கட்டை அறுத்தாரு. பெரிய பெட்டியில இருந்த வைக்கோலை அள்ளி மூலையில கொட்டி, மேல அழகிரியோட மேல்துண்டைப் போத்துனாரு. வாசல்ல இருந்து பாத்தா ஆளு படுத்திருக்கிற மாதிரியே இருந்துச்சு.

"நான் உண்மையே உரைத்தேன், அழகிரி," அப்படின்னாரு.

"உண்மைதான் தொரை. நான் காலையிலயே உங்ககிட்ட விசயத்தைச் சொல்லியிருந்தா நீங்க யோசிச்சிருப்பீங்க. உங்ககிட்டயும் சொல்லல, சொல்ல வேண்டியவங்ககிட்டயும் சொல்லல."

பெட்டிக்குள்ள அவன் மடங்கிப் படுக்க, மேல ஒரு கூழைக்கடாவோட பதம் பண்ண தோலை விரிச்சு மூடுனாரு. வாசல்ல ஒரு சிப்பாய்க்குச் சந்தேகம் வந்து மூடியைத் தூக்குனான். ஒரு மொழ அலகு அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கற்பூரமும் மீன் வாடையும் கலந்து அடிச்சுச்சு. "இதையுமா தொரை படிப்பாங்க"ன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மூடிட்டான்.

தோப்புல பெட்டியை விட்டு எறங்கி அவன் ஏறுன பரிசல் நீராழிக்கோட்டையைத் தொட்டப்ப வெயில் மஞ்சளாயிடுச்சு. நாச்சியார் மேற்கு மதில் மேல நின்னு நாரைங்க வர்ற திசையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. அழகிரி தரையைப் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான். நாணல், ஏழு சாயங்காலம், பலகை, கவராயம், ரெண்டாவது படம், ஒண்ணு விடல. முடிச்சப்புறம் நாச்சியார் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"உமக்கு எப்போது தெரியும்?"

"காலையில."

"காலையில்," அப்படின்னு அவங்க திருப்பிச் சொன்னாங்க. அதுக்கு மேல திட்டல. திட்டியிருந்தா அவன் பொழச்சிருப்பான்.

இப்ப பீரங்கியை மாத்த நேரமில்ல. பாறையை உடைக்க ஒரு பகலு வேணும், அந்தப் பகலு போயிடுச்சு. விடிஞ்சாத் தவணை முடியுது. காட்டைச் சுத்திக்கிட்டு வந்து பட்டாளம் அந்த வரப்புலயே ஏறப் போகுது. உள்ள இருக்கிறது நானூறு பேரு, அதுல ஆயுதம் பிடிக்கிறவங்க எம்பது. நாச்சியார் மதிலைக் கையால தடவிப் பாத்தாங்க. அப்புறம் இடுப்புச் சாவிக்கொத்தை அவுத்து, தளவாயைக் கூப்புட்டு, பின்வாசலைத் தொறக்கச் சொன்னாங்க. எதிரி வர்றதுக்கு முன்னாடி, எதிரி வரப் போற வழியிலேயே சனங்க காட்டுக்குப் போகணும்.

இருட்டு ஏற ஏற ஊரு ஆத்துல எறங்குச்சு. புள்ளைங்களைத் தோள்ல வச்சுக்கிட்டு, கோழியை இடுக்கிக்கிட்டு, சாமி விக்கிரகத்தைப் புடவையில சுத்திக்கிட்டு நடந்தாங்க. வரப்பு நடுவுல ஒரு இடத்துல வளையும். கால் தப்புனா மூணு ஆள் ஆழம். அந்த வளைவுல அழகிரி தீவட்டியோட தண்ணிக்குள்ள நின்னு ஒவ்வொருத்தரையும் கையப் பிடிச்சுத் திருப்பி விட்டான். ஏழு சாயங்காலமும் வரப்பைக் கண்ணாலயே அளந்து வச்சிருந்தது அவன் ஒருத்தன்தானே. சித்திரக்காரத் தெரு சனம் கடந்தப்ப அவனைப் பெத்த தாயி, "நீயும் வாடா"ன்னு இழுத்தா. அப்புறம் வர்றேன்னு சொன்னான். அவ ஒருத்தரும் பாக்காதப்ப மகன் கன்னத்தைத் தொடைச்சு விட்டுட்டுப் போனா.

கடைசியா நாச்சியார் வந்தாங்க. வளைவுல நின்னாங்க. தீவட்டி வெளிச்சத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கை தூரம்தான்.

தான் இப்பவே மலைக்குப் போய்ப் பாளையக்காரர் காலுல விழுந்து உண்மையைச் சொல்லி, குடுக்கிற தண்டனையை ஏத்துக்கிறதாச் சொன்னான் அழகிரி. அந்த நெனப்பு ஒண்ணுதான் அவனை நிக்க வச்சிருந்துச்சு.

"போகக் கூடாது," அப்படின்னாங்க நாச்சியார். "என் அண்ணனை நீர் அறிவீர். உம் ஒரு தலையோடு அவர் கோபம் அடங்காது. தூரிகை பிடித்த ஒரு கையையும் அவர் விட்டுவைக்க மாட்டார். முப்பது வீடு. வீட்டுக்கு ஐந்து பேர்."

"அப்போ கோட்டை போனதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"நான் பயந்து விட்டுவிட்டேன் என்பேன். பீரங்கிச் சத்தம் கேட்குமுன்னே ஓடி வந்தேன் என்பேன்."

"நீங்க பயப்படலையே நாச்சியாரே."

"அது உமக்குத் தெரியும்." நனைஞ்ச புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகுனாங்க. "அது போதும் என்று சொல்ல ஆசைதான். போதாது. வேறு வழியில்லை."

வாசகர்களே, பின்னால நடந்ததை இப்பவே சொல்லிடுறேன், மனசு தாங்கல. விடிஞ்சதும் சீமைப் பட்டாளம் ஆளில்லாத கோட்டையில கொடி ஏத்துச்சு. ஓடிப் போன நாச்சின்னு சந்தையில கும்மிப் பாட்டு கட்டுனாங்க. சின்னப் புள்ளைங்ககூட ஓடிப் பிடிச்சு வெளையாடறப்ப அதைப் பாடுச்சுங்க. அண்ணன் அதுக்கப்புறம் அவங்க முகத்துல முழிக்கல. தொரையோட புஸ்தகம் பல வருசம் கழிச்சு கடல் தாண்டி எங்கேயோ அச்சாகி வெளிவந்துச்சாம். அதுல எழுநூறு சீவராசி இருந்துச்சு, சங்குவளை நாரைக்கு மட்டும் படம் இல்ல, பேரு மட்டும்தான். அழகிரி ஊரு ஊராப் போய்க் கோயில் சுவத்துல வண்ணம் தீட்டிப் பொழச்சான். அந்தக் கும்மி கேட்ட எடத்துல எல்லாம் தூரிகையைக் கீழ வச்சுட்டு, பாட்டு முடியுற வரைக்கும் நின்னு கேப்பானாம்.

ஆனா அந்த ராத்திரி இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தீவட்டி எரியுது, தண்ணி ஓடுது.

"சத்தியம் செய்யும்," அப்படின்னாங்க. "உயிர் உள்ளவரை எவரிடமும் இதைச் சொல்வதில்லை என்று. என் பெயர் கெடுவதைக் கேட்டாலும் சொல்வதில்லை என்று."

அழகிரி குலதெய்வத்துப் பேரை எடுத்தான். அவங்க தலையாட்டி மறுத்தாங்க.

"சாமி மேல் வேண்டாம். சாமி மன்னித்துவிடும் என்று ஒருநாள் உமக்குத் தோன்றும். உம் தெருவின் மேல் செய்யும். வீடு வீடாகப் பெயர் சொல்லிச் செய்யும்."

அவன் தீவட்டியை ஒசத்திப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சான். தலைவாசல் வீடு நாகோஜி மேல, அதுக்கடுத்த வீடு சின்னபத்மன் மேல, எதிர்வீட்டுக் கண்ணு தெரியாத சேஷம்மா மேல. நாச்சியார் அஞ்சாறு பேரு வரைக்கும் நின்னு கேட்டாங்க. அப்புறம் மெல்லத் திரும்பி வரப்பு மேல நடக்க ஆரம்பிச்சாங்க. அவன் நிறுத்தல, நிறுத்தக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். பத்தாவது வீடு, பதினஞ்சாவது வீடு, மாட்டுக்கொட்டிலோட இருந்த இருபதாவது வீடு. முப்பதாவதா, தெருக்கோடியில இருக்கிற தன் சொந்த வீட்டைச் சொல்லி, அதுல இருக்கிற தாயி பேரைச் சொல்லி முடிச்சு அவன் கண்ணை நிமித்துனப்ப, அக்கரையில காடு மட்டும்தான் இருந்துச்சு.